ஜிஎஸ்டி ஆப்தான் காணாமல் போயிருக்கிறது, கணக்கு அல்ல

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம், பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மூன்று மாதங்களுக்கு முன் வாடகை சர்வர் ஒன்றில், மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வழியாக, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு மென்பொருளின் 15-ஆம் பதிப்பை நிறுவினோம். சோதித்துப் பார்ப்பதற்கென்று அவர்களே தரும் கம்போஸ் கோப்பைத்தான் (எந்தெந்தக் கண்டெய்னர் ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) பயன்படுத்தினோம். பிறகு கண்டெய்னருக்குள் போய், ஜிஎஸ்டிக்காக இந்தியா கம்ப்ளையன்ஸ் ஆப்பைப் போட்டோம். பில் போட முடிந்தது, மெயில் மட்டும் போகவில்லை. போன வாரம் 15-க்குள்ளேயே புதிய இமேஜுக்கு (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) மாற்றினோம். இப்போது தளம் திறக்கவில்லை, ‘இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற மாட்யூல் இல்லை’ என்று பிழை காட்டுகிறது. கணக்கெல்லாம் போய்விட்டதா? டாக்கரே வேண்டாம் என்று நேரடியாக நிறுவிவிடலாமா?

பதில்: கணக்கு போகவில்லை. இந்தப் பிழையே அதற்குச் சாட்சி. ‘இந்த ஆப் நிறுவப்பட்டிருக்கிறது’ என்று டேட்டாபேஸில் எழுதியிருப்பதால்தான் மென்பொருள் அதைத் தேடுகிறது. டேட்டாபேஸ் காலியாகியிருந்தால் தேடவே செய்யாது.

நடந்தது இதுதான். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து ஓர் அலமாரி மாட்டினீர்கள். வீடு மாறும்போது பெட்டி படுக்கை உங்களோடு வந்தது, அலமாரி பழைய சுவரிலேயே நின்றுவிட்டது. கையில் இருக்கும் சாமான் பட்டியலில் மட்டும் ‘அலமாரி 1’ என்று இருக்கிறது. டாக்கரில் பெட்டி படுக்கைக்கு வால்யூம் என்று பெயர். டேட்டாபேஸ் ஒரு வால்யூமிலும், இணைப்புக் கோப்புகள், தள அமைப்பு, ஆப்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் ‘சைட்ஸ்’ என்ற இன்னொரு வால்யூமிலும் இருக்கின்றன. ஆப்பின் நிரல் மட்டும் கண்டெய்னருக்குள்தான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் அது போகாது. இமேஜை மாற்றும்போது பழைய கண்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குகிறார்கள் அல்லவா, அங்கேதான் போனது.

மெயில் போகாததும் ஆப்பை ஒரு கண்டெய்னருக்குள் மட்டும் போட்டதால்தான் இருக்க வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்ட் ஒரே கண்டெய்னரில் ஓடுவதில்லை. பக்கங்களைத் தருவதற்கு ஒன்று, முன்னால் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் ஒன்று, உடனடி அறிவிப்புகளுக்கு ஒன்று, பின்னணி வேலைகளுக்கு இரண்டு, நேரம் பார்த்து வேலை கொடுக்க ஒன்று, அப்புறம் டேட்டாபேஸான மரியாடிபியும், வேலை வரிசையை வைத்திருக்கும் ரெடிஸும். நீங்கள் ஆப்பைப் போட்டது முதல் கண்டெய்னரில் மட்டும். மெயில் அனுப்புவது பின்னணி வேலை, அந்தக் கண்டெய்னர்களுக்கு அந்த ஆப்பைத் தெரியவே தெரியாது. அன்றைக்கே ஏதோ கோளாறு என்று சந்தேகித்திருக்கலாம். பில் வந்துகொண்டிருக்கும் வரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சரி, சரிசெய்யும் வழிக்கு வருவோம். எதையும் தொடுவதற்கு முன் நகல் எடுங்கள். தளம் விழுந்து கிடப்பதால் ஈஆர்பிநெக்ஸ்டை நிர்வகிக்கும் பெஞ்ச் கருவியின் வழக்கமான பேக்கப் கட்டளை வேலை செய்யாமல் போகலாம். மரியாடிபி கண்டெய்னரிலிருந்தே நேரடியாக டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். சைட்ஸ் வால்யூமையும் முழுதாக ஒரு டார் கோப்பாக்கி, இரண்டையும் சர்வருக்கு வெளியே இறக்குங்கள். அந்த வால்யூமில் இருக்கும் சைட் கான்ஃபிக் கோப்பு முக்கியம். சேமித்து வைத்த மெயில் கடவுச்சொல், ஜிஎஸ்டி ஏபிஐ ரகசியம் போன்றவற்றைத் திறக்கும் என்க்ரிப்ஷன் கீ அதில்தான் இருக்கிறது. டேட்டாபேஸை மட்டும் காப்பாற்றிவிட்டு இதை விட்டால், அத்தனை கடவுச்சொற்களையும் மறுபடி போட வேண்டிவரும்.

இந்தப் பதற்றத்தில் யாராவது ‘டவுன் போட்டு அப் போடு’ என்பார்கள். டவுன் என்பது கண்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் கட்டளை, வெறும் டவுன் என்றால் பரவாயில்லை. அதன் பின்னால் ‘-வி’ சேர்த்தால் வால்யூம்களும் சேர்ந்து அழியும். நானே ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் பழக்கதோஷத்தில் அப்படிப் போட்டு, அரை நாள் பதிவுகளை அவர்கள் மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டியதாயிற்று. கம்போஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பெயரையும் மாற்றாதீர்கள். திட்டப் பெயரைத் தனியாகக் கொடுக்காவிட்டால், டாக்கர் அந்த ஃபோல்டர் பெயரை முன்னால் ஒட்டித்தான் வால்யூமுக்குப் பெயர் வைக்கிறது. பெயர் மாறினால் காலியான புது வால்யூம் உருவாகும். பழையது பத்திரமாக இருக்கும், ஆனால் எல்லாம் போய்விட்டது போலத் தெரிந்து வயிற்றைக் கலக்கும்.

அடுத்து, உங்களுக்கென்று ஓர் இமேஜ் கட்டுங்கள். ஈஆர்பிநெக்ஸ்டை உருவாக்கும் ஃப்ரப்பேயின் டாக்கர் தொகுப்பிலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறது. வேண்டிய ஆப்களின் முகவரியையும், எந்தப் பதிப்பு வரிசை என்று காட்டும் கிளைப் பெயரையும் ஒரு ஜேசான் கோப்பில் எழுதிக் கொடுத்தால், எல்லாவற்றையும் சேர்த்து இமேஜ் தயாராகும். ஈஆர்பிநெக்ஸ்ட், இந்தியா கம்ப்ளையன்ஸ் இரண்டுக்கும் 15-ஆம் பதிப்பின் கிளையையே எழுதுங்கள். 14-ஆம் பதிப்பிலிருந்து ஜிஎஸ்டியும் சம்பளப் பட்டியலும் தனித்தனி ஆப்களாகப் பிரிந்துவிட்டன. சம்பளமும் இதில் போடும் எண்ணம் இருந்தால் எச்ஆர்எம்எஸ் ஆப்பையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, பில்லில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அச்சிடுவீர்கள் என்றால் நோட்டோ தமிழ் எழுத்துருவும் இமேஜுக்குள் இருக்கட்டும். எழுத்துரு இல்லாத இமேஜில் பிடிஎஃப் கட்டம் கட்டமாக வரும்.

அந்த இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று பெயர் வைக்காமல் தேதியோ எண்ணோ வையுங்கள். முந்தைய இமேஜ் எது என்று ஒரு நாள் தேட வேண்டிவரும். கம்போஸ் கோப்பில் மரியாடிபி, ரெடிஸ் தவிர மற்ற எல்லா சேவைகளுக்கும் இதே இமேஜ்தான். ஒன்றில் மாற்றி இன்னொன்றில் விட்டால் பழைய கதைதான். கண்டெய்னர்களை எழுப்பி, டேட்டாபேஸைப் புதிய நிரலுக்கு ஏற்ப மாற்றும் பெஞ்ச் மைக்ரேட் கட்டளையைத் தளத்துக்கு ஓட்டினால் தளம் திறக்க வேண்டும்.

நேரடியாக நிறுவலாமா என்றால், உங்கள் நிலையில் நான் செய்ய மாட்டேன். பைதான், நோட், மரியாடிபி, பிடிஎஃப் கருவி என்று ஒவ்வொன்றின் பதிப்பையும் நீங்களே பொருத்த வேண்டும். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அத்தனையும் மறுபடி. இமேஜ் கட்டும் வேலை ஒரு நாள் படுத்தும், அதற்குப் பிறகு அதே வேலைதான் திரும்பத் திரும்ப.

ஆனால் அந்தச் சோதனைக் கோப்பை இனி விட்டுவிடுங்கள். அதில் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லே ‘அட்மின்’தான், மாற்றினீர்களா? 8080 போர்ட்டும் வெளியே திறந்திருக்கும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுகள் அந்த விதிகளைத் தாண்டிப் போய்விடும். 127.0.0.1-இல், அதாவது சர்வருக்குள்ளேயே, மட்டும் திறந்து, முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் கேடி (Caddy) அல்லது டிராஃபிக் (Traefik) மென்பொருளை வைத்து எச்டிடிபிஎஸ் கொடுங்கள்.

கம்பெனி என்பதால் சட்டமும் உண்டு. 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடமும் மென்பொருளில் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இந்தியா கம்ப்ளையன்ஸில் அதற்கான அமைப்பு இருக்கிறது, ஆடிட்டரிடம் கேட்டு இயக்கிவிடுங்கள். பெஞ்ச் பேக்கப்பைப் பொறுத்தவரை, கோப்புகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லித் தனியாகக் குறிப்பிட வேண்டும். எடுத்தது அதே சைட்ஸ் வால்யூமுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். தினமும் ராத்திரி அதை வேறு இடத்துக்கு, மும்பையிலோ பெங்களூரிலோ உள்ள சேமிப்பகத்துக்கு, நகர்த்த, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை போடுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள்.