ஒற்றையடிப் பாதையில் மலைச் சைக்கிள்: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிறந்தவன் நான். கிழமை நாட்களில் சைக்கிள் திருத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சைக்கிளில் காடு மேடெல்லாம் திரிகிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் காட்டுப்பாதையில் ஓட்ட நினைப்பவர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியர்: ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் ஸ்பிரிங் இருக்கிறது, விலையும் குறைவு. காட்டுப்பாதைக்கு உதவுமா?

உதவாது சேர். அந்தச் சைக்கிளின் சட்டத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் மலைச் சைக்கிள் போலத் தோற்றம் மட்டும் கொண்ட வண்டிகளுக்கு, கரடுமுரடான பாதையில் ஓட்டக்கூடாது என்று எச்சரிக்கை ஒட்டித்தான் விற்கிறார்கள். நம்மவர்கள் அதை அழகுக்கு ஒட்டியது என்று நினைத்து அப்படியே விற்றுவிடுகிறார்கள்.

மலிவான இரட்டை ஸ்பிரிங்கில் பாரம்தான் மிச்சம். பெடலை மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைப் பின் ஸ்பிரிங்கே தின்றுவிடும். முன்னால் மட்டும் 100 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கி ஏறும் போர்க் (முன் சில்லைப் பிடிக்கும் கவை), டிஸ்க் பிரேக், இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகல ரயர் இருந்தால் நமது காடுகளுக்குத் தாராளம். பழையது வாங்கினால் ஹாண்டில் குழாய் சட்டத்துடன் சேரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தாலும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கிரானிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணா, ரயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்? கடையில் கல் மாதிரி அடித்துத் தருகிறார்கள்.

தம்பி, அந்தக் கடைக்காரர்களில் நானும் ஒருவனாக இருந்தவன்தான். ரயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கும் பெரிய இலக்கம் அந்த ரயர் தாங்கும் உச்ச அளவு. அவ்வளவும் அடிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. தார் வீதியில் பழகிய கைக்குக் கல் போன்ற ரயர்தான் நல்ல ரயர். காட்டில் அது பந்து போலத் துள்ளும், வேரில் வழுக்கும், கையை மரக்கச் செய்யும்.

எழுபது கிலோ ஆள், 29 அங்குலச் சில்லு, 2.25 அங்குல அகல ரயர் என்று வைத்துக்கொள்வோம். ரியூப் உள்ளே இருந்தால் காற்றழுத்தம் 28 முதல் 32 பி.எஸ்.ஐ. வரை போதும். ரியூப் இல்லாத முறையென்றால் 22 முதல் 26 வரை. முன் ரயருக்குப் பின்னதைவிட ஒன்றிரண்டு குறைவாக வையுங்கள். ரியூபோடு இதைவிடக் குறைத்தால் கல்லிலோ வேரிலோ இடிக்கும்போது ரிம் ரியூபைக் கடித்துவிடும். பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது, முள்ளின் மேல் பழி போடாதீர்கள்.

முள்ளும் இல்லாமலில்லை. நெருஞ்சியும் சூரையும் நிறைந்த இடத்தில் ரியூபோடு போவது பஞ்சர் ஒட்டப் போவதற்குச் சமம். ரியூப் இல்லாமல் ஓடும் ரயருக்குள் ஊற்றும் பால் போன்ற பசைத் திரவம் சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் நமது வெயிலுக்கு அந்தப் பால் இரண்டு மூன்று மாதங்களில் காய்ந்து பிசினாகிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஊற்றிவிட்டுக் கம்பனியைத் திட்டுபவர்கள் என் கடைக்கு வருகிறார்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு தங்கை: உன்னிச்சைக் குளத்துப் பக்கம் தோழிகளோடு போக ஆசை. யானைக்குப் பயந்து வீட்டில் விடுகிறார்கள் இல்லை. உண்மையில் அவ்வளவு ஆபத்தா?

வீட்டார் சொல்வது சரி தங்கச்சி. ஆனால் போகவே கூடாது என்பதல்ல. எப்போது, எந்த இடத்தில் என்பதுதான் விடயம்.

காட்டில் மனிதன் வெட்டிய ஒற்றையடிப் பாதை என்று ஒன்று அபூர்வம். யானை நடந்து உண்டான தடத்தில் மாடு நடக்கிறது, மாட்டின் பின்னால் பட்டிக்காரர் நடக்கிறார், கடைசியாகத்தான் நாம் சைக்கிளோடு போகிறோம். வளைந்து வளைந்து, ஏற்றத்தில் களைப்புத் தெரியாமல், நீர்நிலைக்குச் சுருக்கமாகப் போய்ச் சேரும் பாதை என்றால் அதைப் போட்டவர் யார் என்று விளங்கும். ஓட்டுவதற்கு அதைவிடச் சுகமான பாதை கிடையாது. சிக்கலும் அதில்தான்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்றும்போது வெளிப்படும் தரையில் இளம்புல் முளைக்கிறது. மின்னேரியில் யானைகள் கூட்டமாகக் கூடுவதைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்களே, அதற்குக் காரணமே இந்தப் புல்தான். நமது குளங்களிலும் அதே புல், அதே பசி. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு குளத்துக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட பாதையில் நிற்காதீர்கள். காலையிலும் வெயில் நன்றாக ஏறிய பிறகே உள்ளே போங்கள்.

நடப்பவனைவிடச் சைக்கிளில் போகிறவனுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாகப் போகும். யானைக்கு உங்கள் வாசமோ சத்தமோ எட்டுமுன் நீங்களே அதன் காலடியில் போய் நிற்பீர்கள். அதனால் வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள், பேசிக்கொண்டே போங்கள், காதில் பாட்டு வேண்டாம். புதிதாக முறிந்த கிளையில் இலை இன்னும் வாடவில்லையென்றால், இலத்தி ஈரமாகக் கிடந்தால், அன்றைய ஓட்டம் அந்த இடத்தோடு முடிந்தது. உறுகாமம் பக்கத்தில் ஒரு முறை ஆவி பறக்கும் இலத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கூட வந்தவன் வழியெல்லாம் முணுமுணுத்தான். அடுத்த நாள் பட்டிக்காரர் ஒருவர், நாங்கள் திரும்பிய வளைவுக்கு அப்பால் தனி ஆண் யானை ஒன்று நின்றதாகச் சொன்னார். முணுமுணுப்பு அதோடு நின்றது.

பார்த்துவிட்டால் நில்லுங்கள். படம் எடுக்காதீர்கள். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். துரத்தினால் மிதித்துத் தப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வரை ஓடும் என்று அளந்திருக்கிறார்கள். வேரும் மணலுமான பாதையில் நாம் போவது அதில் பாதி. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெரிய மரங்களுக்குப் பின்னால் மறைந்து விலகிப் போங்கள். சைக்கிளை நான் திருத்தித் தருகிறேன்.

இன்னொன்று: போகுமுன் அந்தப் பக்கத்துப் பட்டிக்காரரையோ வட்டையில், அதாவது வயல்வெளியில், காவல் இருப்பவரையோ கேளுங்கள். இரவு எத்தனை யானை எந்தப் பக்கம் போனது என்று அவருக்குத் தெரிந்தது வேறு எந்தக் கருவிக்கும் தெரியாது.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: வயது 54. எந்த மாதம் நல்லது?

நானா, மாசியும் பங்குனியும். மாரி ஓய்ந்து மண் இறுகியிருக்கும், காடு பச்சையாக இருக்கும், மேற்கிலிருந்து சூடாக வீசும் கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. ஆனால் வேளாண்மை வெட்டும் காலமும் அதுதான், வயலோரத்துக்கு யானை வரும். கார்த்திகை, மார்கழியில் படுவான்கரைக் காட்டுப் பக்கம் நினைக்கவே வேண்டாம். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதியே வெள்ளத்தில் மூழ்கி, ஆட்கள் படகில் போவார்கள். ஈரக் களிமண்ணில் ஓட்டினால் சில்லு சிக்கிக்கொள்ளும், பாதையிலும் வாய்க்கால் விழுந்துவிடும். ரயரின் அச்சு மண்ணில் ஆழமாகப் பதிந்தால் திரும்பிவிடுங்கள். ஓகஸ்டில் போவதென்றால் ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனி இரண்டு பைக்கற்.

அக்கரைப்பற்றிலிருந்து: மணலில் முன் சில்லு புதைந்து விழுந்துவிடுகிறேன்.

உடம்பின் பாரத்தைப் பின்னால் கொண்டுபோங்கள். மணல் வருமுன்னே இலேசான கியருக்கு மாற்றி, மிதிப்பதை நிறுத்தாமல், ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விடுங்கள். சைக்கிள் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். திருப்பப் பார்த்தால்தான் விழுவீர்கள். முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரைப் பாதையில் சைக்கிள் ஓட்டலாமா?

வேண்டாம். குமண தேசியப் பூங்கா. யாத்திரைக் காலத்தில் நடந்து போகும் அடியார்களுக்காகத்தான் அந்தக் காட்டு வழியைத் திறந்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் வாகனத்தில் போகிறவர்களே நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கல்லோயாப் பூங்காவுக்கும் இதே பதில். அதோடு ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும், பழத்துக்குக் கரடி வரும். யானையைவிடக் கரடிக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: விடுமுறைக்கு வடக்கே, வன்னிப் பக்கம் சைக்கிளோடு போகிறோம். அங்கே காட்டுப்பாதை எப்படி?

அழகான காடு. ஆனால் நமது பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக 2017இல் அறிவித்தார்கள். வடக்கில் சில பகுதிகளில் அந்த வேலை முடியவில்லை. ஊரார் தினமும் போய்வரும் பாதையில் மட்டும் ஓட்டுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் இயற்கைக் கடனுக்குக்கூட ஒதுங்காதீர்கள். குறுக்குவழி தேடும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை நடுவில் விடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஓர் அக்கா: ரொறன்ரோவில் இருக்கும் தம்பியிடம் போகிறேன். வடக்கே எங்கோ காட்டுக்குச் சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போவானாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அக்கா, நமது காட்டைவிட அது எளிது. ரொறன்ரோவுக்கு வடக்கே பரி என்ற நகருக்கு அருகில் ஹார்ட்வுட் என்ற இடம் இருக்கிறது. 2015 பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியின் மலைச் சைக்கிள் ஓட்டம் அங்கேதான் நடந்தது. அங்கே கொண்டுபோவானாக இருக்கும். பனிச்சறுக்கு மலைகளில் உள்ள அதே குறிகளைப் பாதைகளுக்கும் போட்டிருப்பார்கள்: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நீங்கள் பச்சையில் ஓட்டுங்கள். தம்பி "நீலம் ஒன்றுமில்லை" என்பான், நம்பாதீர்கள்.

அங்கே பாதையை மனிதர் திட்டமிட்டு வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் வழிந்தோடச் சாய்வு வைத்திருக்கிறார்கள். பனி உருகும் காலத்தில் பாதை கெடும் என்று மூடியும் விடுவார்கள். வைகாசி, ஆனியில் போனால் கறுப்பு ஈ கடித்து எடுத்துவிடும். காலை மூடும் உடுப்புப் போடுங்கள். திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அங்குள்ள ஒருவகை உண்ணி லைம் என்ற நோயைப் பரப்பும்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு மாணவன்: இந்த விளையாட்டை யார் தொடங்கினார்கள்?

கலிபோர்னியாவில், 1970களில், டமல்பாயிஸ் என்ற மலையைச் சுற்றியிருந்த இளைஞர்கள். பழைய பாரச் சைக்கிள்களில் மலையிலிருந்து கீழே விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் அச்சுக்குள் இருந்த கிறீஸ் புகைந்து போய்விடும், திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு "ரீபாக்" (திரும்ப அடைத்தல்) என்றே பெயர் வைத்தார்கள். இருபது வருடம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் இடம்பிடித்தது.

பெயரும் ஊரும் சொல்லாத ஒருவர்: பாம்பு கடித்தால்?

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கால் அசையாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வாருங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காட்டுக்குள் சிக்னல் எங்கே கடைசியாகக் கிடைத்தது என்பதைப் போகும்போதே மனதில் வைத்திருங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: தனியாகப் போகலாமா? இல்லையென்றால் உங்களோடு வரலாமா?

முதல் கேள்விக்கு இல்லை. இரண்டாவதற்கு, ஞாயிறு காலை ஆறரைக்கு வலையிறவுப் பாலத்தடிக்கு வாருங்கள். உங்கள் சில்லின் அளவுக்கு மேலதிக ரியூப் ஒன்று கொண்டுவாருங்கள். என்னிடம் இருப்பதைக் கேட்காதீர்கள், போன முறை கொடுத்தது இன்னும் திரும்பி வரவில்லை.