ஜோ ஃப்ரைடேவை இன்றைக்கும் ரசிக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவின் பழைய 'டிராக்நெட்' தொடரில் வரும் போலீஸ்காரர் ஜோ ஃப்ரைடேவைப் பலரும் கொண்டாடுகிறார்களே, இன்றைக்கும் அது ரசிக்குமா? வானொலியா, டிவியா, எதில் தொடங்கலாம்?

வானொலியில் தொடங்குங்கள். அதுவும் 1949, 1950 வாக்கில் வந்தவை. 1967இல் கலரில் திரும்பி வந்த டிவி ஃப்ரைடேவை முதலில் பார்த்துவிட்டால், 'இந்த ஆளையா தூக்கி வைத்து ஆடினார்கள்' என்று தோன்றிவிடும்.

ஃப்ரைடே லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் சார்ஜென்ட். பேட்ஜ் எண் 714. கல்யாணம் ஆகாதவர், ஆரம்பத்தில் அம்மாவோடு இருக்கிறார். மேதாவித்தனம் எதுவும் கிடையாது. என்ன கிழமை, வெயிலா மழையா, எந்தப் பிரிவில் எந்த ஷிஃப்ட், கூட இருப்பவர் யார், மேலதிகாரி யார் என்று ஒப்பித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஒரு வாரம் கொலை, அடுத்த வாரம் திருட்டு, இன்னொரு வாரம் மோசடி. பாதி நேரம் வீடு வீடாகப் போய் விசாரிப்பதும், பழைய ரெக்கார்டுகளைப் புரட்டுவதும், ஃபோனுக்காகக் காத்திருப்பதும்தான். துப்பாக்கி வெடிப்பது குறைவு. எனக்கு அதுதான் பிடித்தது.

இதை உருவாக்கி, இயக்கி, ஃப்ரைடேவாகவும் நடித்தவர் ஜாக் வெப். 1948இல் வந்த ஒரு போலீஸ் படத்தில் அவருக்குத் தடயவியல் ஆளாகச் சின்ன வேடம். அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த மார்ட்டி வின் என்ற நிஜ சார்ஜென்ட், சினிமாவில் காட்டும் போலீசுக்கும் தங்கள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று குறைபட்டாராம். அங்கே விழுந்த விதை, 1949 ஜூனில் என்பிசி வானொலியில் தொடராக வந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், அந்த வருட டிசம்பரில் ஒலிபரப்பான கிறிஸ்துமஸ் கதையைக் கேளுங்கள். ஒரு சிறுவனைக் காணவில்லை. வீட்டுப் பின்பக்கம் ரத்தக் கறை. கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி ஒளித்து வைத்திருந்த .22 ரைஃபிள் பெட்டி பிரிந்து கிடக்கிறது. குற்றவாளி என்று யாருமே இல்லாத கேஸ். ஃப்ரைடேவும் கூட்டாளி ரோமெரோவும் பெரிதாக எதையும் கண்டுபிடிப்பதுகூட இல்லை. கேட்கிறார்கள், தேடுகிறார்கள், காத்திருக்கிறார்கள். உண்மை ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரும்போது ஃப்ரைடேவின் குரல் துளிகூட ஏறாது. கடைசியில் மகனை இழந்த அப்பா செய்யும் காரியத்தை இங்கே சொல்ல மாட்டேன். டிவியிலும் இதே கதையை 1952இல் எடுத்தார்கள். இருந்தாலும் காதால் கேட்பதுதான் உலுக்குகிறது.

சரி, இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதைகள் லாஸ் ஏஞ்சலஸ் போலீசின் கோப்புகளிலிருந்து, அவர்கள் ஒத்துழைப்போடு, அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகு வந்தவை. டிவி செட்டுக்காகப் போலீஸ் அலுவலகத்துக் கதவுக் குமிழைக்கூட அச்செடுத்துக் கொண்டுபோன அளவுக்கு வெப்புக்குத் துல்லியம் முக்கியம். குமிழ் நிஜம், லாக்கப்புக்குள் நடந்தது மட்டும் திரைக்கு வரவில்லை. டிவி முன்னோட்டம் வந்தது 1951 டிசம்பர் 16. அதே மாதம் 25ஆம் தேதி, அதே ஊர்ப் போலீஸ்காரர்கள் காவலில் இருந்த ஏழு பேரை, அதில் ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளியினர், அடித்து நொறுக்கினார்கள். 'ரத்தக் கிறிஸ்துமஸ்' என்று அந்தச் சம்பவத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது. ஃப்ரைடேவின் ஸ்டேஷனில் அப்படிப்பட்ட போலீஸ்காரர்களை நீங்கள் பார்க்க முடியாது. வெப் 1982இல் இறந்தபோது அந்தத் துறை கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, 714 என்ற எண்ணுக்கும் ஓய்வு கொடுத்தது என்றால், ஃப்ரைடே அவர்களுக்கு எவ்வளவு வேண்டியவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் ரோமெரோவாக நடித்த பார்ட்டன் யார்பரோவும் அதே 1951 டிசம்பரில்தான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கதையிலும் ரோமெரோ அப்படியே இறந்ததாக அடுத்த வாரமே வானொலியில் சொன்னார்கள். அதையும் தேடிக் கேளுங்கள்.

1967 ஃப்ரைடேவுக்கு வருவோம். 1950களின் தொடர் முடியும் சமயத்தில் லெப்டினன்ட் ஆகியிருந்தவர், திரும்பி வரும்போது மறுபடி சார்ஜென்ட்! பதவி பறிபோனதா என்றால், யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முதல் கதையே எல்எஸ்டி போதை. முகத்தில் சாயம் பூசிக்கொண்ட ஒரு பையன், எதிரே விறைப்பாக நிற்கும் ஃப்ரைடே. வானொலியில் மற்றவர்களைப் பேசவிட்டு ஓரமாக நின்றவர், இதில் இளைஞர்களை நிற்க வைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். பொறுமையாகப் பார்க்க முடிகிறது என்றால் அது கூட்டாளி கேனனாக வரும் ஹாரி மார்கனால்தான். மனுஷர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியே காப்பாற்றுகிறார்.

ஒரே மூச்சில் ஐந்தாறு பகுதிகள் கேட்க வேண்டாம். எல்லோரும் ஒரே தாளத்தில் பேசுவதால் மூன்றாவதில் கண் சொக்கும். ராத்திரி ஒன்று, விளக்கை அணைத்துவிட்டு, அது போதும்.