ஆய்வாளர்களும் சுகாதாரக் கொள்கை வகுப்பவர்களும் அறிவைப் பகிர்வது என்றால் என்ன?

ஆய்வில் தெரிந்ததை முடிவெடுக்கும் வேளையில் புரியும் வடிவில் அதிகாரியிடம் சேர்ப்பதும், களத்தில் எழும் கேள்விகளை ஆய்வாளரிடம் கொண்டுசெல்வதுமே அறிவுப் பகிர்வு. ஆய்வாளர் உறுதிப்பாட்டுக்காகக் காத்திருப்பார். வரவுசெலவுத் திட்டமோ காத்திருக்காது. வெட்டிய செம்பனைக் குலை காலத்தில் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடுவதைப் போல, தாமதமாக வரும் ஆய்வும் பயனிழக்கும்.

மலேசியாவில் கிள்ளானுக்கு அருகிலுள்ள காப்பார் போன்ற தோட்ட நகரங்களில் வாழும் நமக்குச் சான்று பக்கத்திலேயே உண்டு. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டறிந்தார். 1901இல் கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் அரசை இணங்கவைத்துச் சதுப்பு நிலங்களை வடியச் செய்ய, காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. குன்றுத் தோட்டங்களிலோ (இதுதான் பலர் அறியாதது) காட்டை வெட்டித் திறந்த ஓடைகளில், வெயில் படும் தெளிநீரை விரும்பும் வேறொரு கொசு பெருகியதால், வழிமுறையையே மாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே, அறிக்கையை அமைச்சுக்கு அனுப்புவதோடு பகிர்வு முடிந்துவிடுகிறது என்று பலர் எண்ணுவது சரியன்று.