பி.எம்.ஆர். இடத்தை விட்டுவிடலாமா?

தர்மபுரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எம்.டி. பி.எம்.ஆர். (உடல் இயக்க மருத்துவமும் மறுவாழ்வும்) இடம் கிடைத்தும், "பிசியோதெரபிக்கா மூன்று வருஷம்?" என்று வீட்டில் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிசியோதெரபி வேறு, இது வேறு.

தொப்பூர் கணவாய் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்துவிடும். அப்புறம்? சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் தொற்று சிறுநீரகம்வரை ஏறும். நேரம் தவறாமல் கத்தீட்டர் போட்டுக்கொள்ளப் பழக்குவது, இறுகிய தசைக்கு போட்டாக்ஸ் ஊசி, நரம்புப் பரிசோதனை எல்லாம் உங்கள் வேலைதான். கால் இழந்தவர் வந்தால், செயற்கைக் காலைக் கழற்றியதும் தோலைப் பார்ப்பீர்கள். சிவப்பு பத்து நிமிடத்துக்குள் மறையாவிட்டால், மீதிக் கால் உள்ளே பொருந்தும் சாக்கெட்டில் கோளாறு.

வீட்டில் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லுங்கள். விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1966-ல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியவர் அவர்.

வருமானம் மெதுவாகத்தான் சூடுபிடிக்கும், மறைக்க வேண்டாம். நம் பக்கத்தில் பக்கவாதம் என்றால் நேரே நரம்பியல் டாக்டரிடம்தான் ஓடுவார்கள்.

இடத்தை உறுதி செய்யுமுன் அங்கே படிக்கும் சீனியரிடம் பேசுங்கள். துறைக்குச் சொந்தப் படுக்கைகள் உண்டா, ஈ.எம்.ஜி. (தசை, நரம்பு மின்சோதனை) இயந்திரத்தில் மாணவர்களைக் கைவைக்க விடுகிறார்களா, செயற்கை உறுப்புப் பட்டறை வளாகத்திலேயே இருக்கிறதா? படுக்கையே இல்லாத துறை என்றால் நான் யோசிப்பேன்.