கை கால் சில்லிட்டால் யாங் குறைவா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 46. கை கால் எப்போதும் சில்லென்றே இருக்கிறது. சீன மருத்துவர் ‘யாங் குறைவு’ என்றார். நாமே இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாசகி, சிங்கப்பூர்)

உடலைச் சூடாக வைக்கும் ஆற்றலைத்தான் சீன மருத்துவம் ‘யாங்’ என்கிறது. குளிர் எதுவரை ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். விரல்கள் மட்டும் குளிர்ந்து, உள்ளங்கை வியர்த்து, மனம் பதறும்போது கூடினால் அது யாங் குறைவு அல்ல. ச்சி எனும் உயிராற்றலின் ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்றே சீன மருத்துவர் கொள்வார். யாங் குறைந்தவருக்குக் குளிர் முழங்கை, முழங்கால் வரை ஏறும். இடுப்பும் அடிவயிறும் தொட்டாலே குளிரும். வெந்நீர்ப் பை வைத்தால் இதமாக இருக்கும். சோர்வு, சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே போகும் இளகிய மலம், இரவில் இரண்டு மூன்று முறை தண்ணீர்போலச் சிறுநீர், கணுக்கால் வீக்கம் ஆகியவையும் சேரும். சீன மருத்துவம் மண்ணீரலை உலைப்பானையாகவும், சிறுநீரக யாங்கை அதன் கீழ் எரியும் நெருப்பாகவும் பார்க்கிறது. நெருப்பு தணிந்தால் உலையும் வேகாது, நீரும் ஆவியாகாது.

சீனாவில் 2009-இல் வெளியான உடல்வாகுத் தரநிலையில் யாங் குறைவுக்கு 7 கேள்விகள் உண்டு. கை கால் குளிர்கிறதா? வயிறு, முதுகு, இடுப்பு, முழங்கால் குளிருக்கு அஞ்சுகிறதா? மற்றவர்களைவிட அதிகம் போர்த்திக்கொள்கிறீர்களா? ஏசி, மின்விசிறி தாங்கவில்லையா? அடிக்கடி சளி பிடிக்கிறதா? குளிர்ந்ததைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லையா? அதனால் வயிற்றுப்போக்கு வருகிறதா? கடந்த ஓராண்டை நினைத்து, ‘இல்லவே இல்லை’ என்பதற்கு 1, ‘எப்போதும்’ என்பதற்கு 5 என ஒவ்வொன்றுக்கும் புள்ளியிடுங்கள். கூட்டுத்தொகையில் 7-ஐக் கழித்து, 28-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 40-க்குக் குறையாமல் வந்தால் யாங் குறைந்த உடல்வாகு. 30 முதல் 39 வரை அதன் சாயல். கூட்டுத்தொகை 19-ஐத் தொட்டாலே 40-ஐத் தாண்டிவிடும்.

எதற்கும் முன்னால் ஹீமோகுளோபினையும் டி.எஸ்.எச். எனும் தைராய்டு பரிசோதனை அளவையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் இதே அறிகுறிகளோடுதான் வரும்.

கேள்வி: காலையில் பல் துலக்கியதும் நாக்கைப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லையே?

நாக்கை வழித்துவிட்டுப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பார்க்க வேண்டிய படிவம் அதோடு போய்விடும். எழுந்தவுடன், காபிக்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இறுக்கி நீட்டினால் நிறம் மாறும். தளர்வாக நீட்டி, பத்துப் பதினைந்து நொடியில் முடித்துவிடுங்கள். யாங் குறைந்த நாக்கு வெளுத்து உப்பியிருக்கும். ஓரங்களில் பல் பதிந்த தடம், மேலே ஈரம் ததும்பும் வெண்படிவம். சிவந்து வறண்டு படிவமே இல்லாத நாக்கு யின் குறைவை, அதாவது உடலைக் குளிர்வித்து ஈரமாக வைக்கும் ஆற்றலின் குறைவைக் காட்டுவது. இரவில் வியர்ப்பதும் பிற்பகலில் உள்ளங்கை எரிவதும் அதற்குச் சாட்சி. அப்படிப்பட்டவர் சூடேற்றும் சரக்குகளைத் தொடவே கூடாது.

கேள்வி: ஒரு மாதமாகத் தினமும் இஞ்சிச் சாறும் மிளகும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டேன். உதடு வெடித்தது, தூக்கம் போயிற்று, குளிர் மட்டும் போகவில்லை. ஏன்?

எண்ணெய் வற்றிய விளக்கில் திரியை மட்டும் தூண்டியிருக்கிறீர்கள். கீழை ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்ஜிங் வகுத்த சிறுநீரக ச்சி மாத்திரையில் 8 சரக்குகள், மொத்தம் 27 லியாங் (பழைய சீன நிறுத்தல் அளவு) எடை. சூடேற்றுபவை இரண்டே: சீன லவங்கக் கொம்பு 1 லியாங், பதப்படுத்திய நாபிக் கிழங்கு (ஃபூ சி) 1 லியாங். ஊட்டம் தரும் ரெமானியா கிழங்கு மட்டும் 8 லியாங்! சிறு நெருப்பு ச்சியைப் பிறப்பிக்கும், பெரு நெருப்பு அதைத் தின்றுவிடும் என்பது சீன மருத்துவத்தின் பழைய பாடம்.

உதடு ஆறும்வரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு, நாக்கு வெளுப்பாகவே இருந்தால், வாரம் ஒருமுறை அதே மருத்துவரின் ஆட்டுக்கறி சூப்பை வீட்டு அளவில் வைக்கலாம்: கறி 500 கிராம், இஞ்சி 25 கிராம், டாங்குய் எனும் சீன மூலிகை வேர் 10 கிராம். கறியைக் கொதிநீரில் முக்கியெடுத்து, நுரை வந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். நாலு பேருக்கு வரும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவரும் கர்ப்பிணிகளும் டாங்குய் சேர்க்கக் கூடாது. காய்ச்சல், தொண்டைவலி இருக்கும்போது யாருக்கும் வேண்டாம்.

கேள்வி: பற்றவைத்துத் தோலருகே சூடு காட்டும் மோக்சா மூலிகைச் சுருளை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம். தொப்புளுக்கு நேர் கீழே நான்கு விரல் அகலத்தில் குவான்யுவான் புள்ளி. முழங்கால் சில்லின் வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் கீழே, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே சூசான்லி. கனலும் முனையைத் தோலிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் இளஞ்சிவப்பானால் போதும், சுரீரென்றால் நெருக்கிவிட்டீர்கள். இடையிடையே சாம்பலைத் தட்டிவிடாவிட்டால் அது வயிற்றில் விழும். முடிந்ததும் முனையை மணலில் புதையுங்கள். அணைந்ததுபோலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும், அவர்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் வயிற்றில் வைக்கவே கூடாது. ஆஸ்துமாக்காரர்களுக்குப் புகை ஆகாது.

கேள்வி: ‘ஃபூ சி’ கிழங்கை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் தொடாத நாபியின் பேரினம்தான் இதுவும். சிச்சுவானின் ஜியாங்யூவில் விளைந்த நல்ல சரக்கானாலும் அகோனிட்டின் நஞ்சு உண்டு. பதப்படுத்திய கிழங்கையே மற்றச் சரக்குகளுக்கு முன்னால் தனியாக நெடுநேரம் கொதிக்கவைத்தால்தான் நஞ்சு குறையும். கொதி குறைந்தால் நஞ்சு தங்கிவிடும். உதடும் நாக்கும் மரத்துப்போவது முதல் அறிகுறி; அடுத்து இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாற்று மருந்து கிடையாது. மரத்த உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

கேள்வி: விடியற்காலை 5 மணிக்கு வயிறு உருண்டு கழிப்பறைக்கு ஓடுகிறார் அப்பா. பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. இதுவும் யாங் குறைவா?

சீன மருத்துவர்கள் இதை ‘ஐந்தாம் சாமப் பேதி’ என்பார்கள். சிறுநீரக யாங் குறைவின் தெளிவான அடையாளம் என்று கொள்வார்கள். ஆனால் ரத்தம், எடை குறைதல், அண்மையில் மாறிய மலப்பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல் நோய் மருத்துவர். இல்லையென்றால், பதிவு பெற்ற சீன மருத்துவர் பெரும்பாலும் ஜாதிக்காயும் கார்போக அரிசியும் சேர்ந்த ‘ஸி ஷென்’ மாத்திரையைத் தருவார். படுக்கப்போகும் முன் சாப்பிடச் சொல்லுங்கள். காலையில் எடுத்தால் இரவின் குளிர் வருவதற்குள் மருந்தின் வேகம் தீர்ந்துவிடும் என்கிறது பழைய உரை.