வசனம் கேட்காத டிவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 55 அங்குல 4கே டிவி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஓடிடியில் சினிமா போட்டால் பேசுவது காதில் விழுவதில்லை. சண்டையோ பாட்டோ வந்தால் தெருவுக்கே கேட்கிறது. ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. 6,000 ரூபாய்க்குள் 2.1 சவுண்ட்பார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (திருச்சி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த சவுண்ட்பார் உங்கள் குறையைத் தீர்க்காமலே போகலாம்.

சினிமாவின் 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும், கனத்த அதிர்வுச் சத்தம் தரும் சப்வூஃபர் ஒன்றுக்கும் தனித்தனித் தடம்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாகப் பதிவாகியிருக்கும். பெரும்பாலான டிவிகளில் அப்படி ஒரு ஸ்பீக்கர் கிடையாது. எல்லாத் தடங்களையும் இரண்டுக்குள் மடக்கும்போது வசனம் இசையோடும் வெடிச்சத்தத்தோடும் கலந்துவிடுகிறது. மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் பார்த்து இருப்பதால் பேச்சு நேராகக் காதுக்கு வருவதும் இல்லை. தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் முணுமுணுப்புக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளி வேறு பெரியது. நீங்கள் ரிமோட்டும் கையுமாக இருப்பது இதனால்தான்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். படம் ஓடும்போதே ஆடியோ பட்டியலைத் திறங்கள். ‘தமிழ்’, ‘தமிழ் 5.1’ என்று இரண்டு இருந்தால் 5.1 இல்லாததைத் தேர்வு செய்யுங்கள். பல நேரம் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பிறகு டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் சரவுண்ட் என்று எது இருந்தாலும் அணையுங்கள். ‘கிளியர் வாய்ஸ்’ போன்ற பேச்சு மோட் இருந்தால் போடுங்கள். ‘ஆட்டோ வால்யூம்’ அல்லது ‘நைட் மோட்’ சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். இரவில் பார்ப்பவர்களுக்கு அவசியம். ஈக்வலைசர் இருந்தால் பாஸை (கனத்த ஒலி) இரண்டு மூன்று படி குறைத்து, ட்ரெபிளை (கூர்மையான ஒலி) அதே அளவு கூட்டிப் பாருங்கள்.

டிவி ஷோகேஸ் பலகை மேல் இருக்கிறதா? அதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தால் ஸ்பீக்கர் சத்தம் பலகையில் மோதிக் கரகரக்கும். டிவியின் அடிவிளிம்பும் பலகையின் முன்விளிம்பும் ஒரே கோட்டில் வரும்படி முன்னால் இழுங்கள். கால்கள் மட்டும் பலகை மேல் உறுதியாக நிற்க வேண்டும்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் சவுண்ட்பார். புள்ளிக்கு முன்னால் இருப்பது ஸ்பீக்கர் தடங்கள், பின்னால் இருப்பது சப்வூஃபர். 2.1 என்றால் இடது, வலது, ஒரு சப்வூஃபர். வசனத்துக்கென்று அதில் எதுவும் இல்லை. அதிர்வு கூடும், பேச்சு பெரிதாகத் தெளியாமலே போகலாம். உங்களுக்கு வேண்டியது 3.1, அதில் நடு ஸ்பீக்கர் தனியாக வருகிறது. விலை கூடும். ஆனாலும் பேச்சுக்காக வாங்குகிறவர்கள் 2.1-க்குக் கொடுக்கும் பணம் வீண் என்றே சொல்வேன். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணில் மயங்க வேண்டாம். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள்.

இணைக்கும்போது டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளையிலும் சத்தம் வெளியே வராது. ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் ஒன்றில் மட்டும்தான் வரும். சவுண்ட்பாரிலும் அதே பெயருள்ள துளைதான். டிவி செட்டிங்ஸில் சிஇசி (எச்டிஎம்ஐ ஒயர் வழியே ஒரு கருவி மற்றதை இயக்கும் வசதி) ‘ஆன்’ ஆக வேண்டும். சாம்சங் இதை ‘எனிநெட் பிளஸ்’ என்றும், எல்ஜி ‘சிம்ப்லிங்க்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும் சொல்லும். அதைப் போட்டால்தான் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் மாறும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனால் ‘ஏவி சிங்க்’ அளவை மாற்றுங்கள். டிவிக்கு ப்ளூடூத் இணைப்பு வேண்டாம். அதில் தாமதம் அதிகம்.

ஏஆர்சி இல்லாத பழைய டிவிக்கு ஆப்டிகல் ஒயர் போதும். புது ஒயரின் இரு முனையிலும் நகக்கண் அளவுக்குக் கண்ணாடி நிற பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே செருகிவிட்டு ‘சவுண்ட்பார் ரிப்பேர்’ என்று கடைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. டிவிப் பக்கம் செருகியதும் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் இணைப்பு சரி.

கேள்வி: 4கே டிவியில் நெட்ஃப்ளிக்ஸ் மங்கலாகத் தெரிகிறது. யூடியூப் நன்றாக இருக்கிறது. மாதம் 199 ரூபாய் கட்டுகிறேன். டிவியை மாற்றித் தரச் சொல்லலாமா? (ஈரோடு)

பதில்: டிவி மேல் தப்பில்லை. 199 ரூபாய் திட்டத்தில் வருவது 720பி படம்தான். 499-ல் 1080பி, 649-ல்தான் 4கே. அதற்கும் இன்டர்நெட் வேகம் நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும். உயர்ந்த திட்டம் போட்டும் மங்கல் என்றால், டிவியின் ‘வைட்வைன்’ (படத்தை நகல் எடுக்கவிடாமல் காக்கும் பூட்டு) சான்று எல்1-ஆ எல்3-ஆ என்று பாருங்கள். ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்ற இலவச ஆப் காட்டிவிடும். எல்3 என்றால் நீங்கள் எவ்வளவு கட்டினாலும் டிவிடி தரத்துக்கு மேல் போகாது. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு டிவிகளில் இது நடக்கிறது. ஆகவே டிவி வாங்கும்முன் கடையிலேயே உங்கள் கணக்கில் நுழைந்து ஒரு படத்தை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு ரூபாய் ‘டிரயல்’ என்று ஒரு ஓடிடி ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்காமல் ஆப்பை நீக்கிவிட்டேன். மாதாமாதம் பணம் போகிறது. (நாகர்கோவில்)

பதில்: ஆப்பை நீக்கினால் போனிலிருந்துதான் போகும்; சந்தா அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து சந்தாவை ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் ரத்து செய்ய வேண்டும். அடுத்து கூகுள் பே, போன்பே எதுவோ, அதில் ‘ஆட்டோபே’ பட்டியலைத் திறந்து அந்த அனுமதியையும் நீக்குங்கள். இரண்டும் நடந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது. தொடக்கத்தில் ஒருமுறை போட்ட பின் நம்பரே போதும். அதனால் ஒரு ரூபாய்க்காகப் பின் நம்பர் போடும் அந்தத் திரையில் ‘அதிகபட்சம்’ என்ற தொகையையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்பதையும் படித்துவிட்டே விரலை வையுங்கள்.

ரத்து செய்யவே வழி காட்டாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் சந்தாப் பொறியும் ஒன்று. ‘சப்ஸ்கிரிப்ஷன் டிராப்’ என்ற அந்தச் சொல்லையே புகாரில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: புது டிவியில் சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி தெரிகிறது. ஏன்? (காரைக்குடி)

பதில்: சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். டிவி நடுநடுவே தானே பிரேம்களைச் செய்து சொருகுவதால் அசைவு சீரியல் போல வழுவழுப்பாகிறது. டிவியின் பிக்சர் செட்டிங்ஸில் எல்ஜி என்றால் ‘ட்ரூமோஷன்’, சோனி என்றால் ‘மோஷன்ஃப்ளோ’, அதை அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அது ஒன்றே போதும். ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பந்து ஓடுவது தெளிவாகத் தெரியும்.