வீட்டின் மேல் கடன் வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, என் மகன் ஏ-லெவல் முடித்துவிட்டான். இயந்திரப் பொறியியல் படிக்க நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் கிடைத்திருக்கிறது, இங்கே மலேசியாவில் செமினியில் இருக்கிற அதன் கிளையிலும் கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு வருஷத்துக்கு ஆகிற செலவில் இங்கே மூன்று வருஷமும் படித்துவிடலாம் போலிருக்கிறது. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் மேல் கடன் வாங்கலாம் என்கிறார். "செமினிக்குப் போறதுக்கா இவ்வளவு படிச்சேன்?" என்று கேட்டுவிட்டு மகன் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. கிளை என்றால் இரண்டாம் தரம்தான் என்று சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 'வீட்டின் மேல் கடன்' என்று படித்ததும் என் அப்பாவின் 555 நோட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1997இல் நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். '2+1' என்பார்கள். இரண்டு வருஷம் இங்கே, கடைசி வருஷம் இங்கிலாந்தில். அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். அந்தக் கடைசி வருஷத்துக்காகவே பணம் சேர்த்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்ன 555 நோட்டு, அதில் தினமும் சாயங்காலம் பேப்பரைப் பார்த்து பவுண்டின் விலையைப் பென்சிலால் எழுதுவார். பக்கத்திலேயே மொத்தம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வேண்டும் என்ற கணக்கு. நான்கு வெள்ளியும் சில்லறையுமாக இருந்த பவுண்டு 1998 ஜனவரியில் ஏழு வெள்ளியைத் தாண்டியது. கணக்கு ஏறிக்கொண்டே போனது, அவர் சேர்த்த பணம் சேர்த்தபடியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது, விலை எழுதவில்லை. அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அந்த ஆசிய நிதி நெருக்கடியில்தான் மூன்று வருஷத்தையும் இங்கேயே முடிக்கிற '3+0' முறைக்கு அரசாங்கம் வழிவிட்டது. நானும் அப்படித்தான் பட்டம் வாங்கினேன். வேலைக்குப் போன எந்த இடத்திலும் எங்கே உட்கார்ந்து படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் என் சான்றிதழில் பெயர் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் உங்கள் மகனின் கோபத்தைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியாது.

சரி, சொந்தக்காரர்கள் சொல்வதற்கு வருவோம். இரண்டாம் தரம் என்பது தவறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளை நம் நாட்டுக்கு முதலில் வந்தது 1998இல், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் சன்வேயில் தொடங்கியபோது. நோட்டிங்ஹாம் 2000இல் வந்தது, 2005இல் செமினிக்கு மாறியது. பட்டத்தைக் கொடுப்பது அதே பல்கலைக்கழகம்தான். பொறியியலுக்கு நீங்கள் பார்க்கவேண்டியது வேறு: அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு மலேசியப் பொறியியல் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009இலிருந்து நம் நாடு உறுப்பு நாடு. அங்கீகாரம் பெற்ற பட்டம் என்றால் மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு. பாடத்தின் முழுப் பெயரையும் சொல்லி எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

உண்மையான வித்தியாசம் படிப்பு முடிந்த மறுநாள்தான் தெரியும். இங்கிலாந்தில் படித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை தேட ஒரு விசா இருக்கிறது. இரண்டு வருஷமாக இருந்ததை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிற இளங்கலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைக்கிறார்கள். செமினியில் படித்தவருக்கு அந்த விசா கிடையாது, பட்டம் ஒன்றாகவே இருந்தாலும். ஆகவே மகனிடம் "எங்கே படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். "படித்து முடித்து எங்கே வேலை செய்யப்போகிறாய்?" என்று கேளுங்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில், கிள்ளானில், சிங்கப்பூரில் என்று அவன் சொன்னால் வீட்டின் மேல் கடன் வாங்க ஒரு காரணமும் இல்லை.

அங்கே போவதால் வேறு ஒன்றும் கிடைக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். என் அண்ணன் மகள் சன்வேயில் மொனாஷில் படித்தாள். ஒரு பருவம் மட்டும் பரிமாற்றத்தில் மெல்பர்னுக்குப் போனாள். போவதற்கு முன்னால் சோற்றுப் பானையில் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்றுகூடத் தெரியாது. திரும்பி வந்தவள், அறை வாடகை முன்பணத்தைப் பிடித்துக்கொண்ட வீட்டு உரிமையாளரிடம் ஒப்பந்தத்தை வரி வரியாகக் காட்டித் திரும்ப வாங்கிய கதையை, எங்கள் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டே சொன்னாள். குரலே மாறியிருந்தது. ஐந்து மாதத்தில் வந்த மாற்றம் அது!

அதனால் என் யோசனை இதுதான். செமினியில் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் வருஷத்தில் பரிமாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அப்படிப் போகிறவர்கள் பொதுவாக இங்கிருக்கிற கட்டணத்தையே கட்டுவார்கள். விமானச் சீட்டும் தங்கும் செலவும்தான் கைக்காசு. அப்புறம் முதுகலைக்கு அங்கே போகட்டும். இங்கிலாந்தில் பெரும்பாலான முதுகலைப் படிப்பு ஒரே வருஷம். அதை முடித்தாலும் அந்த வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருஷக் கடனுக்குப் பதில் ஒரு வருஷச் செலவு, அதற்குள் அவனே கொஞ்சம் சம்பாதித்தும் இருப்பான். இப்போதே முழு உபகாரச் சம்பளம் கிடைத்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

பணத்தில் இன்னும் இரண்டு விஷயம். பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்க உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், இங்கிலாந்துக்குக் கிடைக்காது. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில், முன்பு இரண்டாம் கணக்காக இருந்து 2024இலிருந்து 'செஜாதெரா' என்று பெயர் மாறிய கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம், உள்நாடானாலும் வெளிநாடானாலும். வீட்டுக்காரர் ஏற்கெனவே எடுத்திருந்தால், நீங்கள் வேலைக்குப் போயிருந்த காலத்தில் சேர்ந்த உங்கள் கணக்கையும் பாருங்கள்.

மகனிடம் உபதேசம் வேண்டாம், தங்கச்சி. ஒரு 555 நோட்டு வாங்கிக் கொடுங்கள். கட்டணம், அறை, விசா, வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், குளிர்கோட்டு, எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதி வெள்ளிக்கு மாற்றட்டும். அவன் அப்பாவின் மாத வருமானத்தையும் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். என் அப்பா அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டார். எங்கள் யாருக்கும் காட்டவில்லை.

கேள்வி: '3+0' என்பதும் கிளை வளாகம் என்பதும் ஒன்றுதானா? பினாங்கில் மருத்துவம் படிக்க இப்படி வழி உண்டா?
– ஒரு மாணவி, பட்டர்வொர்த்

பதில்: ஒன்றல்ல, அம்மா. '3+0'இல் பாடம் நடத்துவது உள்ளூர்த் தனியார் கல்லூரி, பட்டம் மட்டும் வெளிநாட்டுடையது. கிளை வளாகம் என்றால் அந்தப் பல்கலைக்கழகமே இங்கே வந்து நடத்துவது. 1996இன் தனியார் உயர்கல்விச் சட்டம் அதற்கு வழி திறந்தது. பினாங்கில் அயர்லாந்தின் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து 1996இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெடுநாளாக நடந்துவரும் முறையில் முதல் பாதி டப்ளினில், பிற்பாதி பினாங்கு மருத்துவமனைகளில். பெர்ரி ஏறினால் ஜார்ஜ் டவுன். நேரில் போய், டப்ளின் வருஷங்களுக்கு எவ்வளவு யூரோ ஆகும் என்று தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.